காவல்காரனின் மகத்துவம்

கம்ப்யூட்டருக்குக் காவல் வேண்டும் என்றும், காவலுக்கு ஆன்டிவைரஸ் என்னும் சாதனம் வேண்டும் என்றும், அதை வாங்கிப் போட்டுவிட்டால் பிறகு ஒருவன் யாதொன்றையும் யோசிக்க வேண்டியதில்லை என்றும் நம் ஜனங்களுக்கு வெகு காலமாய்ச் சொல்லிக் கொடுக்கப்பட்டு வருகின்றது. சொல்லிக் கொடுக்கின்றவர்கள் யார் என்று பார்ப்போமானால், அந்தச் சாதனத்தை விற்கின்றவர்களும், அதைப் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகின்றவர்களுமேயாவார்கள். நம்புகின்றவர்களோ படித்தவர்கள், படியாதவர்கள், பட்டணத்தார், பட்டிக்காட்டார், பெரிய பெரிய கம்பெனி முதலாளிகள் ஆகிய எல்லோருமே. இந்த நம்பிக்கையின் யோக்கியதை என்ன என்பதை 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி உலகம் பூராவும் பார்த்தது. பார்த்தும் புத்தி வந்ததா என்பதே நமது கேள்வி.

அன்று வெள்ளிக்கிழமை. நமது கடிகாரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, அமெரிக்காவிலுள்ள கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் கம்பெனியார், தங்களுடைய ஃபால்கன் என்னும் காவல்காரன் குடியிருக்கின்ற விண்டோஸ் யந்திரங்களுக்கெல்லாம் ஒரு சின்ன பைலை அனுப்பினார்கள். புதுவிதத் திருட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கான உத்தரவு அந்த பைலில் இருந்ததாம். உத்தரவை வாங்கிக் கொண்ட யந்திரங்கள் நீலத்திரையைக் காட்டிவிட்டு விழுந்தன. தாமாகவே எழுந்தன, எழுந்ததும் மறுபடியும் விழுந்தன. 10 மணி 57 நிமிஷத்துக்குக் கம்பெனியார் அந்த பைலைத் திரும்ப எடுத்துக் கொண்டார்கள். இடையில் சென்றது 78 நிமிஷமே. இந்த 78 நிமிஷத்தில் விழுந்த யந்திரங்கள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் கம்பெனியார் கணக்குச் சொன்னார்கள். உலகத்திலுள்ள விண்டோஸ் யந்திரங்களில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான் என்று கூடவே ஒரு சமாதானமும் சொன்னார்கள்.

நூற்றுக்கு ஒன்றுதானே என்பவர்கள் அந்த ஒன்று எங்கே இருந்தது என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும். ஃபால்கன் என்பது வீட்டுக்காரர்கள் வாங்குகின்ற சரக்கு அல்ல. பெரிய ஸ்தாபனங்களுக்கு விற்கப்படுவது. ஆகவே விழுந்தவை எல்லாம் விமானக் கம்பெனி, ஆஸ்பத்திரி, பாங்கி, டெலிவிஷன் நிலையம் ஆகியவற்றின் யந்திரங்கள். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்கள் நோயாளியின் பழைய குறிப்பைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் அவசரமில்லாத ஆப்பரேஷன்களைச் சில ஆஸ்பத்திரிகள் தள்ளி வைத்தன. டெல்டா என்னும் விமானக் கம்பெனி ஒன்று மாத்திரம் ஐந்து நாளில் சுமார் 7000 விமானங்களை ரத்து செய்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குப் பேனாவால் எழுதிய சீட்டைக் கொடுத்து ஏற்றி அனுப்பினார்கள். அன்றைக்கு வேலை செய்தது அந்தப் பேனாதான்!

இவ்வளவையும் செய்தது வைரஸ் அல்ல. எந்தத் திருடனும் அல்ல. எந்த அந்நிய தேசத்து ஒற்றனும் அல்ல. காசு கொடுத்து உள்ளே குடிவைக்கப்பட்ட காவல்காரன்.

ஒரு சின்ன பைல் எப்படி ஒரு யந்திரத்தையே சாய்க்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விண்டோஸ் யந்திரத்திற்குள் வேலைகள் இரண்டு இடங்களில் நடக்கின்றன. நாம் கடிதம் எழுதுவது, கணக்குப் போடுவது, படம் பார்ப்பது எல்லாம் வெளிக்கூடத்தில் நடப்பவை. அங்கே ஒன்று தவறினால் அது ஒன்று மாத்திரமே நின்று போகும், மற்றவை நடக்கும். இன்னோர் இடம் கெர்னல் என்கின்ற உள்கட்டு. ஞாபகம், டிஸ்க், திரை எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது அந்த இடம். அங்கே ஒன்று தவறினால், மேலே நடந்து எல்லாவற்றையும் நாசம் செய்வதைவிட நின்றுவிடுவதே மேல் என்று யந்திரம் தன்னையே நிறுத்திக் கொள்ளுகின்றது. அதுவே நீலத்திரை. காவல் கம்பெனியார், திருடன் உள்கட்டுக்கே வருகின்றான், ஆகையால் எங்கள் ஆளையும் உள்கட்டில் வையுங்கள் என்றார்கள். யந்திரம் விழித்தவுடனேயே அவனும் விழிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்து கொண்டார்கள். அதாவது காவல்காரனைத் திண்ணையில் நிறுத்தாமல் நடுத்தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அவன் மயங்கி விழுந்தபோது தூணும் சாய்ந்தது.

சரி, அவன் ஏன் மயங்கினான்? கம்பெனியார் ஆகஸ்டு மாதத்தில் தாங்களே வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உத்தரவு எழுதுகின்ற இடத்தில் 21 விவரங்களுக்கு இடம் இருந்தது. யந்திரத்திலிருந்த காவல்காரனின் கையிலோ 20 விவரங்களே கொடுக்கப்பட்டன. இருபது வீடுள்ள தெருவில் இருபத்தொன்றாவது வீட்டுக் கதவைத் தட்டு என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? அவன் தெருவையும் தாண்டி இல்லாத வீட்டைத் தேடிப் போய்க் கிணற்றில் விழுந்தான். இதற்கு முன் வந்த உத்தரவுகளில் இருபத்தொன்றாவதைப் பற்றி "எதுவாயிருந்தாலும் சரி" என்று இருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, குட்டும் வெளிப்படவில்லை. ஜூலை 19-ந் தேதி உத்தரவில்தான் முதன் முதலாக அந்த வீட்டையும் பார்க்கும்படி எழுதியிருந்தது. பரீட்சை செய்து அனுப்ப வேண்டிய சோதனைக்கருவியும் 21 உண்டு என்றே எண்ணிக் கொண்டு "சரி" என்று முத்திரை வைத்தது.

இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. அந்த பைலை ஒரு நிஜமான யந்திரத்தில் போட்டுப் பார்த்தார்களா என்றால் இல்லை. ஏன் பார்க்கவில்லை என்றால், மார்ச்சு மாதத்தில் அந்த முறையைப் பரீட்சித்து விட்டோம், அதற்குப் பின் அனுப்பியவை ஒழுங்காய் நடந்தன, சோதனைக்கருவியின் மேலும் நம்பிக்கை இருந்தது, ஆகவே அனுப்பி விட்டோம் என்கின்ற தோரணையில் அவர்களே ஒப்புக் கொண்டிருக்கின்றார்கள். தோழர்களே! நம்பிக்கை என்கின்ற இந்த வார்த்தையைக் கவனியுங்கள். உலகத்தை எல்லாம் சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்டு அதற்குக் கூலி வாங்குகின்ற கம்பெனி, தன் சொந்தச் சரக்கை மாத்திரம் சந்தேகிக்காமல் விட்டுவிட்டது.

இதற்கு வக்காலத்து வாங்குகின்றவர்கள், "திருடன் காத்திருக்க மாட்டான், உத்தரவு உடனே போனால்தானே பிரயோஜனம்? முதலில் ஆயிரம் யந்திரத்துக்கு, பிறகு லட்சம் யந்திரத்துக்கு என்று நிதானம் பார்த்தால் அதற்குள் திருடு நடந்துவிடாதா?" என்று கேட்கின்றார்கள். இது வெறும் பூச்சாண்டி என்றே சொல்லுவோம். இந்த பைலை முதலில் ஆயிரம் யந்திரத்துக்கு மாத்திரம் அனுப்பியிருந்தால் சில நிமிஷங்களிலேயே விஷயம் தெரிந்திருக்கும். ஏனென்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவை விழுந்தன. சில மணி நேர நிதானத்தால் எத்தனை திருடு நடந்திருக்கும் என்பதற்கு அவர்களிடம் கணக்கு இல்லை. நிதானம் இல்லாததால் நடந்ததற்கோ 85 லட்சம் என்று கணக்கு இருக்கின்றது. அது மாத்திரமல்ல, ஜாக்கிரதையுள்ள சில வாடிக்கைக்காரர்கள் "புதிய பதிப்பு வேண்டாம், ஒன்று பின்தங்கியே இருக்கின்றோம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களுடைய யந்திரங்களும் விழுந்தன. அந்த ஏற்பாடு காவல்காரனின் பதிப்புக்குத்தான் செல்லும், இந்த மாதிரி உத்தரவு பைல்களுக்குச் செல்லாது என்பதே காரணம். படிப்படியாய் அனுப்புவதும், வாங்குகின்றவன் எப்போது வாங்குவது என்று தானே தீர்மானிப்பதும் எல்லாம் விழுந்த பிறகுதான் ஏற்பாடாயிற்று.

மைக்ரோசாப்ட் தரப்பிலோ, 2009-ல் ஐரோப்பிய கமிஷனோடு செய்து கொண்ட உடன்பாட்டின்படி தாங்கள் அடைகின்ற இடத்தை மற்றக் காவல் கம்பெனிகளுக்கும் கொடுக்க வேண்டியிருக்கின்றது, ஆகையால் உள்கட்டைப் பூட்ட முடியவில்லை என்று சொல்லப்பட்டது. தான் அடைகின்றதைப் பிறனுக்கும் கொடு என்றால், தானும் வெளியே வந்து நின்றால் முடிந்தது அல்லவா? ஆப்பிள் கம்பெனியார் தங்கள் யந்திரங்களில் 2019 முதற்கொண்டு பிறரை உள்கட்டிலிருந்து படிப்படியாய் வெளியேற்றி வந்திருக்கின்றார்கள். இந்த விபத்துக்குப் பின் மைக்ரோசாப்டும் காவல் சாதனங்களைக் கெர்னலுக்கு வெளியே நடத்துவதற்கான வழியை 2025-ல் சில கம்பெனிகளுக்குப் பரீட்சார்த்தமாய்க் கொடுக்க முன்வந்தது. முடியாது என்றது முடியுமென்று ஆனது எப்படி என்று நாம் கேட்கின்றோம்.

பரிகாரம் எவ்வளவு கேவலமாய் இருந்தது என்பதையும் பாருங்கள். யந்திரம் நெட்டில் சேருவதற்கு முன்பே விழுந்துவிடுகின்றபடியால், தூரத்திலிருந்து யாரும் கை கொடுக்க முடியவில்லை. ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் ஆள் நேரில் போய், சேஃப் மோடு என்கின்ற நிலையில் எழுப்பி, டிரைவர்ஸ் என்னும் போல்டருக்குள் கிரவுட்ஸ்டிரைக் என்று இருக்கும் இடத்தில் 291 என்ற நம்பருள்ள பைலை அழிக்க வேண்டியிருந்தது. இதுதான் மகா வித்தை! எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் பத்து நிமிஷத்தில் செய்யக் கூடியது. ஆனால் டிஸ்கைப் பிட்லாக்கர் கொண்டு பூட்டி வைத்திருந்தவர்களுக்கு 48 இலக்கமுள்ள சாவி எண் தேவைப்பட்டது. சிலர் அந்தச் சாவிகளையெல்லாம் பத்திரமாய் இன்னொரு யந்திரத்தில் வைத்திருந்தார்கள். அந்த யந்திரமும் விழுந்து கிடந்தது.

இன்னொரு வேடிக்கை. மைக்ரோசாப்டின் வாடகை யந்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு, திரும்பத் திரும்ப, 15 தடவை வரைகூட, அணைத்து எழுப்பிப் பாருங்கள் என்று யோசனை சொல்லப்பட்டது. சிலருக்குப் பலிக்கவும் செய்தது. இதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கும் எண்ணிக்கைப்படி சுற்றுகின்ற சடங்கு உண்டு போலும் என்று ஒரு நண்பர் நம்மிடம் சொன்னார். அப்படி ஒன்றுமில்லை. விழுவதற்குள் கிடைக்கின்ற சில வினாடிகளில் எப்போதாவது நெட்டை எட்டிப் பிடித்துத் திருத்திய பைலை வாங்கிக் கொண்ட யந்திரம் பிழைத்தது, வாங்காதது பிழைக்கவில்லை. காரணம் தெரிந்தால் அது உபாயம், தெரியாவிட்டால் அது சடங்கு.

தண்டனை என்ன கிடைத்தது? கம்பெனியின் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் செப்டம்பர் 24-ந் தேதி அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். கூட இருந்து உதவிய பங்காளிகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொள்ள 10 டாலர் சீட்டு அனுப்பினார்கள். தனக்கு 50 கோடி டாலர் நஷ்டம் என்று டெல்டா கம்பெனி சொன்னதற்கு, ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு ஒரு கோடி டாலருக்கும் உட்பட்டதே என்று வக்கீல் மூலம் பதில் வந்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. காவலுக்குக் கூலி வாங்கும்போது உலகத்தையே காப்போம் என்ற வாய், வீடு இடிந்தபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுகின்றது.

இது ஏதோ ஒரு தடவை நேர்ந்த தவறுதல் என்று எண்ணிவிட வேண்டாம். 2007 மே மாதத்தில் சைமன்டெக் காவல்காரன், சீன பாஷை விண்டோஸில் இருந்த இரண்டு முக்கியமான பைல்களைத் திருடன் என்று பிடித்து அப்புறப்படுத்தியதால் யந்திரங்கள் எழவில்லை. 2008 நவம்பரில் ஏவிஜி, விண்டோஸின் சொந்தப் பைல் ஒன்றையே திருடன் என்றது. 2010 ஏப்ரல் 21-ந் தேதி மெக்காஃபி செய்ததும் அதுவே. விண்டோஸ் எக்ஸ்பி யந்திரங்கள் விழுந்து எழுந்து விழுந்து கொண்டிருந்தன, நெட்டும் அற்றுப் போயிற்று. அந்தக் காலத்தில் மெக்காஃபியில் தொழில்நுட்பத் தலைமை வகித்த ஜார்ஜ் கர்ட்ஸ் என்பவரே பிற்பாடு கிரவுட்ஸ்டிரைக்கை ஸ்தாபித்தவர்களில் ஒருவராகவும், 2024-ல் அதன் தலைவராகவும் இருந்தார் என்பது குறிப்பிடத் தக்கது. நாம் இதைக் கொண்டு அவரை மாத்திரம் குறை கூற வரவில்லை. பதினான்கு வருஷத்தில் வைரஸ் எவ்வளவோ மாறியிருக்க, காவல்காரனின் வழக்கம் மாறவில்லை என்பதற்காகச் சொல்லுகின்றோம்.

நிற்க, இதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் நினைக்கலாம். நமக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம்.

நம் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அங்கத்தினர் கணக்கு, புஸ்தகப் பட்டியல், முதியோர் பென்ஷனுக்கும் பிள்ளைகளின் உபகாரச் சம்பளத்துக்கும் போட்ட மனுக்களின் நகல் ஆகிய ஆறு வருஷத்துக் காகிதம் அதில்தான் இருந்தது. ஒரு நாள் அது எழவில்லை. வட்டம் சுற்றும், நீலத்திரை வரும், மறுபடியும் சுற்றும். பக்கத்து டவுனில் உள்ள ஒரு ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக் கொண்டு போனோம். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "வைரஸ் ஏறிவிட்டது, பார்மட் அடிக்க வேண்டும், 1500 ரூபாய் ஆகும், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், மேலே நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றும் போட்டுத் தருகின்றேன்" என்றார். எந்த வைரஸ் என்று கேட்டோம். "அது உங்களுக்குப் புரியாது" என்றார். இந்த வாக்கியத்தை வேறு பல தொழில்காரர்களிடமும் கேட்டுப் பழகியவர்களானதால், யந்திரத்தைத் தூக்கிக் கொண்டு திரும்பினோம்.

வந்து செய்தது இவ்வளவுதான். விண்டோஸின் அடையாளம் திரையில் தோன்றியதும் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தோம். இப்படி இரண்டு மூன்று தடவை எழ முடியாமல் போனால், விண்டோஸ் தானே ரிப்பேர்த் திரையைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று வரிசையாய்ப் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அந்த நிலையில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானவற்றை மாத்திரம் வைத்துக் கொண்டு எழும். வெளியார் கொண்டு வந்து வைத்த காவல்காரர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். யந்திரம் எழுந்தது! ஒரு மணி நேரம் ஓடியும் விழவில்லை. முதல் வேலையாய் ஆறு வருஷத்துக் காகிதத்தையும் பென் டிரைவில் நகல் எடுத்தோம். பிறகுதான் யோசித்தோம். இந்த நிலையில் ஓடுகின்றது என்றால் டிஸ்கும் மற்ற உறுப்புகளும் செத்துவிடவில்லை. இப்போது வராத ஏதோ ஒன்றுதான் சாய்க்கின்றது என்று சந்தேகிக்க இடமிருக்கின்றது. சந்தேகம்தான், ருசு அல்ல.

ருசுவுக்கு ரிலையபிலிட்டி மானிட்டர் என்பதைத் திறந்து பார்த்தோம். எந்தத் தேதியில் எது உள்ளே வந்தது, எந்தத் தேதியில் எது விழுந்தது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கின்ற நாட்குறிப்பு அது. யந்திரம் வாங்கும்போதே கடைக்காரர் ஓர் ஆன்டிவைரஸ் போட்டிருந்தார். காரியதரிசியின் மருமகப்பிள்ளை ஊருக்கு வந்தபோது, ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் இலவசமாய்க் கிடைத்த இன்னொன்றையும் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தத் தேதிக்கு அடுத்த நாளிலிருந்துதான் நாட்குறிப்பில் சிவப்புக் குறிகள். இரண்டு காவல்காரர்களும் உள்கட்டில் நின்று கொண்டு, திறக்கின்ற ஒவ்வொரு பைலையும் "நான்தான் முதலில் பார்ப்பேன்" என்று பிடித்து இழுத்தால் யந்திரம் என்ன செய்யும்? சேஃப் மோடில் சாதாரண முறையில் நீக்கப் பார்த்தோம், மறுத்துவிட்டது. அந்தந்தக் கம்பெனியாரே தங்கள் சரக்கை வேரோடு நீக்கத் தனிச் சாதனம் வைத்திருக்கின்றார்கள். அதை வேறு யந்திரத்தில் இறக்கிக் கொண்டு வந்து இரண்டாவதாக வந்தவனை வெளியேற்றினோம். சாதாரண நிலையில் எழுப்பினோம். விழவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், விழவில்லை. அப்போதுதான் ருசு என்றோம். செலவு பூஜ்யம்.

ஆனால் சிலர் இதைக் கேட்டு, "அப்படியானால் காவலே வேண்டாம் என்கின்றீர்களா?" என்று கிளம்புவார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. திருடன் இருக்கின்றான், ஏராளமாய் இருக்கின்றான். ஜூலை 19-ந் தேதிக் குழப்பத்திலேயே, "இதோ ரிப்பேர் பைல்" என்று போலிப் பைலை அனுப்பிக் கொள்ளையடிக்கக் கிளம்பியவர்களும் உண்டு. திரை முழுவதும் சிவப்பாய், "உங்கள் யந்திரம் பூட்டப்பட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் கூப்பிட வேண்டாம், அவனே திருடன். காவல் ஒன்று இருக்கட்டும், இரண்டு வேண்டாம் என்கின்றோம். விண்டோஸோடு கூடவே டிஃபெண்டர் என்று ஒன்று வருகின்றது. வேறொருவன் வந்தால் அது தானே ஒதுங்கிக் கொள்ளும், அவன் போனால் தானே வேலைக்கு வரும். நம் படிப்பகத்தில் முதல் ஆன்டிவைரஸுக்குத் தவணை முடிந்ததும் அதையும் நீக்கிவிட்டோம்; இப்போது டிஃபெண்டர் மாத்திரம் இருக்கின்றது. ஒரு பைலைத் திருடன் என்று அது சொன்னாலும் உடனே அழித்துவிடுவதில்லை. தனியே அடைத்து வைத்து, என்ன பைல், எங்கிருந்து வந்தது என்று விசாரித்த பிறகே தீர்ப்புச் சொல்லுகின்றோம்.

சாவி விஷயத்தையும் சொல்லிவிடுகின்றோம். இக்காலத்துப் புது யந்திரங்களில் பல, நம்மைக் கேளாமலே டிஸ்கைப் பூட்டிக் கொள்ளுகின்றன. ரிப்பேர்த் திரைக்குப் போனால் 48 இலக்கத்தைக் கேட்கும். யந்திரம் நன்றாய் ஓடுகின்றபோதே, நமது மைக்ரோசாப்ட் கணக்கில் போய் அந்த எண்ணைப் பார்த்து எழுதிக் கொள்ள வேண்டும். படிப்பகத்தில் அதை ஒரு முழுத் தாளில் எழுதி, இரண்டு பேர் ஒத்துப் பார்த்து, அங்கத்தினர் ரசீதுப் புஸ்தகத்தோடு பீரோவில் வைத்திருக்கின்றோம். நகல் எடுத்த பென் டிரைவ் காரியதரிசி வீட்டில் இருக்கின்றது. மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கின்றோம், போன மாதம் இரண்டு நாள் தாமதமாயிற்று.

மேற்படி ரிப்பேர்க் கடைக்காரர் சென்ற வாரம் படிப்பகத்துக்கு வந்திருந்தார். பத்திரிகை படிக்க வந்ததாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து, அந்த 4-ஐ எந்தத் திரையில் அழுத்துவது என்று கேட்டார். காட்டிக் கொடுத்தோம்.